ஆயில் பிரஷர் திடீரென விழுந்தால் கெட்டி ஆயில் தீர்வல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களின் பராமரிப்பு குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை முழுவதுமாகப் படித்தேன். அம்பாசிடரையும் பியட்டையும் ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் பழைய இரும்புக்குப் போட மனமில்லாமல் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்காக ஒரு நாளிதழ் இத்தனை இடம் ஒதுக்கியது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அக்கட்டுரையில் வந்த ஒரு யோசனை ஆபத்தானது. ஓடிக்கொண்டிருக்கும்போது, இன்ஜினுக்குள் ஆயில் பாயும் அழுத்தமான ஆயில் பிரஷர் திடீரென்று விழுந்துவிட்டால், சற்றுக் கெட்டியான ஆயிலை ஊற்றிக்கொண்டு மெதுவாகப் பட்டறை வரை ஓட்டிச் செல்லலாம் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படி ஓட்டிச் சென்றால், சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய பழுது, பட்டறையை அடைவதற்குள் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் தேய்த்துச் சீராக்கும் கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டிய பெரிய செலவாகிவிடும். மோட்டார் மெக்கானிக் தொழிலை மாணவர்களுக்குக் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இதைத் திருத்தி எழுத வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன்.

ஆயில் பிரஷர் குறைகிறது என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது, ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வருவது. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்கும், அதைப் பிஸ்டன் தண்டோடு இணைக்கும் பிக் எண்ட் பேரிங்கும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் புஷ்ஷும் தேய்ந்து இடைவெளி கூடுவதால் இது வருகிறது. வண்டி சூடேறி, ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் ஐடிலில் நிற்கும்போதுதான் முதலில் தெரியும். இரண்டாவது, நேற்று வரை நன்றாக நின்ற பிரஷர் கேஜின் (அளவுமானியின்) முள் இன்று ஓட்டத்தின் நடுவே ஒரேயடியாகக் கீழே விழுவது. பேரிங் ஒரே நாளில் தேய்வதில்லை. ஆகவே இரண்டாவது வகையில், எங்கோ ஒன்று அடைத்திருக்கிறது, திறந்துகொண்டிருக்கிறது, உடைந்திருக்கிறது, அல்லது ஆயிலே வெளியேறிவிட்டது என்றுதான் முதலில் எண்ண வேண்டும். அந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்காமல் கெட்டி ஆயிலை ஊற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில், பம்ப் உறிஞ்சும் இடத்தில் உள்ள சல்லடை அடைத்திருந்தால், கெட்டி ஆயில் அதன் வழியே இன்னும் சிரமப்பட்டுத்தான் வரும். அதாவது நிலைமை மேலும் மோசமாகும்.

ஆயில் பம்ப் தருவது ஓட்டத்தை மட்டுமே. பிரஷர் என்பது அந்த ஓட்டத்துக்கு எதிரே ஏற்படும் தடையால் உண்டாவது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுவதும், விரலை எடுத்தால் குழைந்து விழுவதும் இந்தக் கணக்கில்தான். இன்ஜினில் அந்த விரலின் வேலையைச் செய்வது பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கும், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரையிலான இடைவெளி. எனவே பிரஷர் இல்லை என்றால், ஒன்று பம்ப்புக்கு ஆயில் வந்து சேரவில்லை, அல்லது பம்ப் சுற்றவில்லை, அல்லது பம்ப் தள்ளிய ஆயில் பேரிங்கை அடைவதற்கு முன்பே வேறு வழியில் போய்விடுகிறது. பழுது பார்ப்பவர் இந்த மூன்றில் எது என்று முடிவு செய்த பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

நம்மவர்கள் பலர் வைத்திருப்பது பழைய பெட்ரோல் அம்பாசிடர் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி சீரிஸ் இன்ஜின் அது, 1489 சி.சி.. நல்ல நிலையில் உள்ள இன்ஜின், சூடேறிய பிறகு, சாலையில் ஓடும் வேகத்தில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டை ஒட்டியும் ஐடிலில் 15 பவுண்டை ஒட்டியும் காட்ட வேண்டும். ஐடிலில் இதைவிடச் சற்றுக் குறைந்தாலே பயந்துபோய் இன்ஜினை இறக்குவோர் உண்டு, அது தேவையில்லை. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு என்ற பழைய பட்டறைக் கணக்கு இன்றும் பொருந்தும்.

முள் விழுந்தவுடன் செய்ய வேண்டியது ஒன்றே. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, சுவிட்சை அணைத்து, ஓடும் வேகத்திலேயே வண்டியைச் சாலையோரம் ஒதுக்க வேண்டும். 'இன்னும் சத்தம் வரவில்லையே, அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம்' என்ற எண்ணமே கிராங்குகளைப் பாழாக்குகிறது. பிக் எண்டில் சத்தம் கேட்கத் தொடங்கும்போது அதன் உட்பூச்சான வெள்ளை உலோகம் ஏற்கனவே போயிருக்கும். ஒதுக்கி நிறுத்திய பிறகு, சரியாகிவிட்டதா என்று பார்ப்பதற்காகத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்வதும் கூடாது.

அதன்பின் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வண்டியில் கடைசியாக என்ன வேலை நடந்தது என்பது. இந்தக் கேள்வியைக் கேட்காத மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்கத் தயங்க வேண்டும் என்றே சொல்வேன். நேற்று ஆயில் மாற்றப்பட்டிருந்தால் சந்தேகம் ஃபில்டரின் மேல் போக வேண்டும். சென்ற வாரம் சம்ப்பைக் கழற்றி மாட்டியிருந்தால் சல்லடையின் மேலும், கசியாமல் இருக்கத் தடவும் பேக்கிங் பசையின் மேலும் போக வேண்டும். நெடுநாள் நின்றிருந்த வண்டிக்குப் புது ஆயிலோ, உள்ளே கழுவி எடுக்கும் ஃபிளஷிங் ஆயிலோ ஊற்றியிருந்தால், சம்ப்பின் அடியில் பல ஆண்டுகளாகப் படிந்திருந்த கசடு பெயர்ந்து சல்லடையை அடைத்திருக்கக்கூடும். எந்த வேலையுமே நடக்கவில்லை என்றால், கீழே சொல்லும் முறையில் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்.

முதலில் வண்டியின் அடியிலும் பின்னால் வந்த சாலையிலும் பாருங்கள். ஆயில் கொட்டிய தடம் இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. பழைய அம்பாசிடர்களில் ஆயில் ஃபில்டர், நடுவே நீண்ட போல்ட் போட்டுத் தொங்கும் கிண்ணம்; அதன் வாயில் ஒரு ரப்பர் வளையம் உட்காரும். ஃபில்டர் மாற்றும்போது பழைய வளையம் மேலே உள்ள பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் இருந்துவிடும். அதன் மேலேயே புது வளையத்தை வைத்து முடுக்கினால் ஐடிலில் கசியாது, வேகம் எடுத்ததும் பிதுங்கி, சம்ப்பில் உள்ள சுமார் நான்கு லிட்டர் ஆயிலையும் சில நிமிடங்களில் சாலையில் ஊற்றிவிடும். அதேபோல மெக்கானிக்கல் கேஜ் உள்ள வண்டிகளில், இன்ஜினின் உடற்பகுதியான பிளாக்கிலிருந்து கேஜுக்குப் போகும் மெல்லிய குழாயோடு சேரும் சிறு ரப்பர் ஹோஸ், பல ஆண்டுகள் சூட்டில் வெந்து ஒருநாள் வெடிக்கும். அந்த ஹோஸைத் தகுந்த கால இடைவெளியில் புதிதாக மாற்றிக்கொள்வது மலிவான காப்பீடு. பெரும்பாலானோர் அது ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். அளவு குறைந்திருப்பது எல்லோருக்கும் தெரியும் செய்தி; வளைவில் திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் மட்டும் முள் விழுந்து எழுந்தால் அதுவே அடையாளம். ஆனால் அளவு கூடியிருப்பதும் அபாயமே. ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், கார்புரேட்டரின் ஊசி வால்வ் உட்காராமல் பெட்ரோல் வழிந்து சிலிண்டர் வழியாக இறங்கியிருக்கலாம். பியட் போன்று இன்ஜினோடு இணைந்து இயங்கும் பெட்ரோல் பம்ப் உள்ள வண்டிகளில், அதன் டயாஃப்ரம் (சவ்வு) கிழிந்து பெட்ரோல் நேராகச் சம்ப்புக்குள் போய்க்கொண்டிருக்கலாம். பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீர் போல நீர்த்துவிடும். பேரிங்கைத் தாங்க அதற்கு வலு கிடையாது. தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு என்பதால், அந்த நிலையில் இன்ஜினைச் சுழற்றிப் பார்ப்பதுகூடக் கூடாது. ஆயில் பால் போலவோ மோர் போலவோ வெளுத்திருந்தால் பிளாக்குக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கக்கூடும். ரேடியேட்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆயில் அளவும் சரி, நிறமும் சரி, எங்கும் கசிவும் இல்லை என்றால், பிரஷர் உண்மையிலேயே விழுந்ததா என்பதை உறுதி செய்ய வேண்டும். கேஜ் இல்லாமல் ஆயில் எச்சரிக்கை விளக்கு மட்டும் உள்ள வண்டிகளில், இக்னிஷனைப் போட்டு, இன்ஜினை ஓட்டாமல், பிளாக்கில் உள்ள ஆயில் பிரஷர் சுவிட்சின் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் விளக்கு எரிந்தால் ஒயர் எங்கோ உரசி பாடியில் எர்த் ஆகியிருக்கிறது. அணைந்துவிட்டால், ஒன்று சுவிட்ச் கெட்டிருக்கிறது அல்லது பிரஷர் நிஜமாகவே இல்லை. இரண்டில் எது என்பதை விளக்கு சொல்லாது. சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மெக்கானிக்கல் டெஸ்ட் கேஜை மாட்டி அளப்பதே ஒரே வழி. இந்த ஒரு கருவி இல்லாத பட்டறையில் ஆயில் பிரஷரைப் பற்றிச் சொல்லப்படும் எந்தத் தீர்ப்பையும் ஏற்கக் கூடாது.

அளக்கும்போதும் இன்ஜினை உடனே ஓட விட வேண்டாம். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் காயிலின் இணைப்பை எடுத்துவிட்டுச் செல்ஃப் ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றுங்கள். கம்ப்ரெஷன் இல்லாததால் பேரிங்கின் மேல் சுமை ஏறாது. ஆனால் பம்ப் நன்றாக இருந்தால், அந்த வேகத்திலேயே கேஜ் முள் தெளிவாக எழும். கூடவே, இன்ஜினின் உச்சியில் வால்வுகளை இயக்கும் ராக்கர்களை மூடியிருக்கும் ராக்கர் கவரைத் திறந்து பாருங்கள். சிறிது நேரம் சுற்றியும் ராக்கர்கள் வறண்டே இருந்தால் பிரஷர் இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இந்த இடத்தில்தான் பலரும் 'இன்ஜின் வேலை வந்துவிட்டது' என்று அறிவித்துவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு நட்டைக் கழற்றிப் பார்க்கும்படி ஒவ்வொரு வாசகரையும் கேட்டுக்கொள்கிறேன். பி சீரிஸ் இன்ஜினில், பிளாக்கின் இடப்பக்கம் பின்கோடியில், குமிழ் போன்ற தலையுடைய ஒரு பெரிய அறுகோண நட் இருக்கிறது. அதற்குள் ஒரு ஸ்பிரிங்கும் சிறு கிண்ணம் போன்ற ஒரு வால்வும் இருக்கும். இதுதான் ரிலீஃப் வால்வ். குளிர்ந்த ஆயிலால் பிரஷர் அளவுக்கு மீறி ஏறும்போது திறந்து, மிகுதியான ஆயிலைச் சம்ப்புக்கே திருப்பி அனுப்புவது அதன் வேலை. ஒரு துளி கரியோ, உலோகத் துகளோ, சம்ப்புக்குத் தடவிய பசையின் ஒரு துணுக்கோ வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே சிக்கிக்கொண்டால் வால்வ் மூடாது. பம்ப் தள்ளும் ஆயிலில் பெரும்பகுதி பேரிங் பக்கம் போகாமல் சம்ப்புக்கே விழுந்துகொண்டிருக்கும். ஸ்பிரிங் உடைந்தாலும் இதே கதைதான். பிரஷர் திடீரென்று விழுந்து, கெட்ட சத்தம் எதுவும் கேட்காத வண்டிகளில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

ஒரு முறை, இன்ஜினை இறக்கியே ஆக வேண்டும் என்று வேறொரு பட்டறையில் தீர்மானித்துச் செலவுக் கணக்கும் எழுதிக் கொடுத்த அம்பாசிடர் ஒன்றை அதன் சொந்தக்காரர் மனம் கேளாமல் என்னிடம் காட்டினார். இன்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது. முள்ளோ எழவே மறுத்தது. அந்தக் குமிழ் நட்டைக் கழற்றியபோது, வால்வின் விளிம்பில் காய்ந்துபோன சிலிகான் பசை ஒட்டியிருந்தது. வால்வையும் இருக்கையையும் துடைத்து, ஸ்பிரிங்கை மாற்றி, வாஷரைப் புதுசாகப் போட்டு மாட்டியதும் பிரஷர் பழையபடி நின்றது. ஆனால் அதோடு வேலை முடிந்துவிடவில்லை. வால்வில் ஒரு துணுக்கு கிடைத்தால் சல்லடையில் பத்துத் துணுக்கு இருக்கும் என்பதால் சம்ப்பையும் இறக்கினோம். எண்ணியபடியே, சல்லடையில் பாதி பசையால் மூடியிருந்தது. சம்ப் பேக்கிங்குக்குக் கை நிறையப் பசை தடவும் பழக்கத்தைப் பட்டறைகள் கைவிட வேண்டும். வெளியே பிதுங்குவது போலவே அது உள்ளேயும் பிதுங்கிச் சூடான ஆயிலில் விழுகிறது.

ரிலீஃப் வால்வ் நன்றாக இருந்தால்தான் சம்ப்புக்குள் போக வேண்டும். ஆயிலை ஒரு சுத்தமான வெள்ளைத் துணி வழியாக வடியுங்கள். ஃபில்டரை வெட்டிப் பிரித்து மடிப்புகளில் பாருங்கள். வெள்ளி நிறத்திலோ செம்பு நிறத்திலோ மின்னும் துகள்கள், காந்தத்தில் ஒட்டாதவையாக இருந்தால், அவை பேரிங்கிலிருந்து வந்தவை. அப்போது நான் இதுவரை சொன்ன நம்பிக்கைக்கு இடமில்லை, பேரிங்குகளின் மூடிகளான கேப்களைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். துகள் இல்லை என்றால், சல்லடை அடைத்திருக்கிறதா, பம்ப்புக்குப் போகும் உறிஞ்சு குழாயின் இணைப்பு தளர்ந்து காற்றை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப்பைச் சுற்றும் தண்டு இந்த இன்ஜினில் கேம் ஷாஃப்ட்டிலிருந்து தனியே வருகிறது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வேறு தண்டு. ஆகவே பம்ப்பின் தண்டு உடைந்தாலும் இன்ஜின் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். இன்ஜின் சீராக ஓடுவதைக் காட்டிப் பம்ப்பும் சுற்றுகிறது என்று யாராவது வாதிட்டால் நம்ப வேண்டாம்.

பம்ப்பைக் கழற்றி மாட்டிய பிறகு அதற்குள் காற்று மட்டுமே இருக்கும். வறண்ட பம்ப் ஆயிலை உறிஞ்சாது. மாட்டுவதற்கு முன் அதன் உள்ளே வாஸ்லைனையோ ஆயிலையோ நிரப்ப வேண்டும். பிறகு பிளக் இல்லாமல் செல்ஃபில் சுற்றி, முள் எழுந்ததைக் கண்ணால் பார்த்த பின்பே ஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்போது, பிளாக்கின் உள்ளே ஆயில் போகும் பாதையான கேலரியின் முனைகளில் உள்ள அடைப்பான்கள் எல்லாம் தத்தம் இடத்தில் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு விரிவாக நான் எழுதுவதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. இன்று அவசரத்தில் ஒதுக்கித் தள்ளப்படும் ஒவ்வொரு பி சீரிஸ் இன்ஜினுக்கும் பதில் வேறொரு பழைய வண்டியிலிருந்துதான் வர வேண்டும். அல்லது, பல இடங்களில் நடப்பது போல, ஏதாவதொரு டீசல் இன்ஜின் அந்த இடத்தில் ஏற்றப்படும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளை விண்டேஜ் வாகனங்களாகப் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது; ஆனால் வண்டி தன் மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அப்பா வாங்கிய வண்டியை அதே இன்ஜின் எண்ணோடு அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க நினைப்பவர், மூடாத ஒரு வால்வுக்காக அந்த வாய்ப்பை இழப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கெட்டி ஆயில் குறித்து ஒரு வார்த்தை. இத்தகைய இன்ஜின்களுக்கு நம் வெயிலில் 20டபிள்யூ-50 ஆயில் போதுமானது. அதைவிடக் கெட்டியான ஆயிலையும் ஆயிலைத் தடிக்க வைக்கும் கலவைகளையும் ஊற்றினால் முள் சற்று உயரும் என்பது உண்மைதான். தேய்ந்துபோன வண்டியை விற்க நினைப்பவர்கள் சிலர் அதைச் செய்வதும் உண்டு. ஆனால் முள் உயர்வது வேறு, பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேர்வது வேறு. பழைய வண்டி வாங்குவோர், ஆயிலை நன்கு சூடாக்கிய பிறகு ஐடிலில் பிரஷரைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஆகவே, அக்கட்டுரையில் உள்ள யோசனைக்குத் திருத்தமாக, 'ஆயில் பிரஷர் திடீரென விழுந்தால் இன்ஜினை உடனே அணைக்க வேண்டும். காரணம் தெரியும் வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. பட்டறைக்குக் கட்டி இழுத்தே கொண்டுசெல்ல வேண்டும்' என்ற குறிப்பை, கட்டுரை வெளிவந்த அதே ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக் பயிற்றுநர்,
கோயம்புத்தூர்.